பாலியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய முகமூடிக்காரர் – அது என்ன ஆட்டம், யாருக்காவது தெரியுமா?

ஊர்சுற்றி உமா | இரவு 9:14

வணக்கம் மக்களே. போன மாதம் ஒரு வாரம் பாலியில் இருந்தோம். உபுத் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த வீட்டம்மா, "எங்க கோயில்ல இன்னைக்கு ஓடாலான், வர்றீங்களா?" என்று கேட்டார். ஓடாலான் என்றால் கோயில் திருநாள். அவர்கள் பஞ்சாங்கப்படி 210 நாளுக்கு ஒருமுறை வருமாம். எங்கள் இரண்டு பேருக்கும் இடுப்பில் துண்டு கட்டிவிட்டுக் கூட்டிப் போனார்.

உள்ளே போனால் காது கிழிகிறது. ஒரு மேடையில் பூசாரி மணியாட்டி மந்திரம் சொல்கிறார். ஒரு பக்கம் பெண்கள் கூடிப் பாடுகிறார்கள். ஒரு மூலையில் பட்டப்பகலில், திரையே இல்லாமல் பாவைக்கூத்து நடக்கிறது. இத்தனைக்கும் மேலே காமலான், அவர்களுடைய வெண்கல வாத்தியக் குழு. யாரும் யாரையும் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லவில்லை.

நடு முற்றத்தில் ஒரே ஒரு ஆள் முகமூடியை மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தார். முதலில் செக்கச்சிவந்த முகம், முட்டைக் கண். அடுத்து நரைத்த கிழவர். அவர் நாலடி ஆடுவார், மூச்சு வாங்கும், நிற்பார், உடுப்பில் பேன் பார்ப்பார், மறுபடி ஆடுவார். பிறகு மேலுதடு வரைக்கும் மட்டும் மூடும் பாதி முகமூடி போட்டுக்கொண்டு பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை.

கடைசியில் வந்ததுதான் விஷயம். வெள்ளை முகம், துருத்திய பல், தலைவிரி கோலம், கையில் வெள்ளைத் துணி. கீச்சுக்குரலில் ஒரு சிரிப்பு. மஞ்சள் அரிசியையும் ஓட்டைக் காசையும் நாலாபக்கமும் இறைத்தார். திடீரென்று குழந்தைகள் பக்கம் பாய்ந்தார். எல்லாம் சிதறி ஓடின. நீலச் சட்டை போட்ட ஒரு பொடியன், நாலு வயது இருக்கும், மாட்டிக்கொண்டான். அவனைத் தூக்கி, சாமி பக்கம் காட்டி, கையில் காசைத் திணித்து இறக்கிவிட்டார். பையன் போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. பெற்ற அம்மா பக்கத்திலேயே நின்று சிரிக்கிறாள்!

வீட்டம்மாவிடம் கேட்டதற்கு "நல்லது, நல்லது" என்பதற்கு மேல் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. எனக்கு பாலி மொழி வராது. இது என்ன ஆட்டம்? குழந்தையை எதற்குத் தூக்குகிறார்?

---

சோழன்மகன் | இரவு 9:31

இதில் என்ன சந்தேகம் சகோ. முகமூடி, திரை, கோமாளி எல்லாம் நம்ம தெருக்கூத்துதான். ராஜேந்திர சோழன் கப்பலில் போனது. ஆட்டக்காரர்களும் கூடவே போயிருப்பார்கள். சிம்பிள்.

---

கல்வெட்டுக் கிறுக்கன் | இரவு 9:40

ஆரம்பிச்சிட்டாரு. ராஜேந்திரன் படை போனது சுமத்ராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும். மெய்க்கீர்த்தியில் பாலி எங்கே இருக்கிறது, காட்டுங்கள். அப்புறம் பேசலாம்.

---

பெர்த் பாலா | இரவு 11:02

உமா அக்கா, நீங்கள் பார்த்தது தோபெங் பஜேகான். "தோபெங்" என்றால் முகமூடி, முகமூடி ஆட்டத்துக்கும் அதே பெயர்தான். பஜேகான் என்பது ஒரே ஆள் எல்லா வேடமும் கட்டும் வகை. ஐந்து பேர் ஆடினால் அது தோபெங் பஞ்சா, நம்ம பஞ்ச எண்ணிக்கைதான். கடைசியில் வந்த வெள்ளை முகத்துக்குப் பெயர் சிதகார்யா. அவர் வராமல் சடங்கு முடியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெர்த்திலிருந்து பாலி மூன்றரை மணி நேர விமானம்தான். கொரோனாவுக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு ஐந்து மாதம் பத்துவான் கிராமத்தில் ஒரு ஆட்டக்காரரிடம் தோபெங் கற்கப் போனேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். கிழவர் வேடத்தில் எப்படி நிற்பது என்பதுவரை வந்தேன், அவ்வளவுதான்.

பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். சித்த காரியம். "போன காரியம் சித்தியாச்சா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்களே, அதே இரண்டு வடசொல். கதை இதுதான்.

16ஆம் நூற்றாண்டில் கெல்கெல் என்ற ஊரிலிருந்து ஆண்ட ராஜா தாலெம் வத்துரெங்கோங். ஆகுங் மலைச் சரிவில் இருக்கும் பெசாக்கி கோயிலில் பெரிய யாகத்துக்கு ஏற்பாடு செய்கிறார். ஊரே வேலையில் இருக்கும்போது அழுக்குத் துணியும் பறட்டைத் தலையுமாக ஒருவர் வந்து, "ராஜாவைப் பார்க்க வேண்டும், அவர் என் சகோதரர்" என்கிறார். கெலிங் தேசத்துப் பிராமணராம். நடந்த களைப்பில் சாமிக்கு வைத்த பீடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். ராஜாவுக்குச் சேதி போகிறது. "எனக்கு அப்படி ஒரு சகோதரன் கிடையாது, துரத்துங்கள்." துரத்தினார்கள். போகிற போக்கில் அவர் ஒரு சொல் விட்டுவிட்டுப் போனார்: இந்தக் காரியம் சித்தியாகாது.

அவ்வளவுதான். பயிர் கருகியது, எலி பெருத்தது, சனங்களுக்கு நோய் வந்தது. யாகத்துக்கு வைத்த தென்னையும் வாழையும் வாடின. எந்தப் பூசாரியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ராஜா தவத்தில் உட்கார்ந்தபோதுதான் யாரைத் துரத்தினோம் என்று உறைத்தது. ஆள் அனுப்பித் தேடி, தென் கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில் கண்டுபிடித்து அழைத்து வருகிறார்கள். "எல்லாவற்றையும் பழையபடி ஆக்கித் தந்தால் உம்மைச் சகோதரர் என்று ஒப்புக்கொள்கிறேன்." அவர் ஆக்கித் தந்தார். ராஜா பட்டம் கொடுத்தார், தாலெம் சிதகார்யா. தென்பசார் நகரத்தின் தெற்கே அந்த ஊர் இன்றும் சிதகார்யா என்ற பெயரோடே இருக்கிறது. பெரிய சடங்கு நடத்துகிறவர்கள் அங்குள்ள கோயிலில் தீர்த்தம் வாங்கி வருவார்கள்.

துரத்தப்பட்டவரைத்தான் ஒவ்வொரு சடங்கிலும் கடைசியில் கூப்பிட்டு ஆடவிடுகிறார்கள். அந்த அசிங்கமான பல், தலைவிரி கோலம் எல்லாம் ராஜாவின் ஆட்கள் கண்ட முகம்தான். சரியான பிறகும் அழகு முகம் தரவில்லை பாருங்கள், அது எனக்குப் பிடித்த இடம்.

குழந்தை விஷயத்துக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அரிசியும் காசும் ஊருக்கான வளம், அதை வாங்கிக்கொள்ளப் பிள்ளை ஊருக்காக நிற்கிறான் என்பது பொதுவான பேச்சு. எனக்குத் தோன்றுவது வேறு. அவரைப் பார்த்து எல்லாரும் ஓடத்தான் செய்வார்கள், அன்றைக்கும் அதுதான் நடந்தது. ஓடுகிறவரைப் பிடித்துக் கொடுக்கிறார். அம்மா சிரிப்பதில் ஆச்சரியமே இல்லை, அவளுக்கு அது லாட்டரி.

---

சோழன்மகன் | இரவு 11:09

கெலிங்!!! கலிங்கம்! நான் சொல்லல? மலாய்க்காரர்கள் நம்மைத்தான் கெலிங் என்பார்கள். அந்தப் பிராமணர் தமிழர். முடிஞ்சது கேஸ்.

---

கிள்ளான் மணி | இரவு 11:48

சோழன் தம்பி, அந்தச் சொல்லை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற முதல் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எங்கள் மலேசியாவில் அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் கைகலப்பு வரும். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் பழைய காலத்தில் வசைச்சொல் இல்லை என்பதும் உண்மை. மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் மரியாதையாக வைத்த பெயர்கள்தாம். கப்பித்தான் பள்ளிவாசல் 1801இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது.

பாலிக்காரர் வாயில் இந்தச் சொல் எப்படி ஒலிக்கிறது, பாலா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

---

பெர்த் பாலா | மறுநாள் காலை 7:20

வசையாக இல்லை அண்ணே. கதையில் கெலிங் என்றால் தூரம், அவ்வளவுதான். தூரத்திலிருந்து வந்தவர், ஞானம் உள்ளவர், ஆனால் பார்க்க யாரோ போல இருந்தவர். அது இந்தியா என்று சொன்னவர்களும் உண்டு, கிழக்கு ஜாவாவில் புரோமோ மலைப்பக்கம் இருந்த ஊர் என்று சொன்னவர்களும் உண்டு. கதைச்சுவடியில் அவருக்கு ஜாவா வழி வம்சாவளி சொல்லியிருப்பதால் இரண்டாவது கட்சிக்குத்தான் ஆள் அதிகம்.

---

கல்வெட்டுக் கிறுக்கன் | காலை 8:05

ஜாவாவை ஆண்ட ஐர்லங்கா காலத்துச் சாசனங்களில், அதாவது 11ஆம் நூற்றாண்டில், வெளிநாட்டுக்காரர்கள் பட்டியல் ஒன்று வரும். கிளிங், சிங்கள, திராவிட, சம்பா, க்மேர் என்று தனித்தனியாக எண்ணுவார்கள். கிளிங்கும் திராவிடரும் ஒன்றென்று அவர்களே நினைக்கவில்லை, கவனியுங்கள். (ஐர்லங்கா பிறப்பால் பாலி இளவரசர், உதயனரின் மகன். அது தனிக் கதை.) மலாய் உலகம் பின்னால் தமிழரைக் கிளிங் என்றதை எடுத்து 16ஆம் நூற்றாண்டுப் பாலிக் கதைக்குள் சொருகக் கூடாது.

உறவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. வடக்குப் பாலியில் செம்பிரான் என்ற கடற்கரை ஊரில் அகழ்ந்தபோது ரூலெட் ஓடுகள், அதாவது சுழல் கோட்டு அலங்காரம் போட்ட மட்பாண்டத் துண்டுகள், கிடைத்தன. அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை, சுமார் 2000 ஆண்டு பழையது. தொல்லியலாளர்கள் ஆர்திகாவும் பெல்வுட்டும் 1991இல் எழுதினார்கள். சரக்குக் கப்பல் வந்திருக்கிறது, சரி. சட்டி வந்தது என்பதற்காகக் கூத்தும் வந்தது ஆகிவிடாது.

முகமூடி ஆட்டம் அங்கே எவ்வளவு பழையது என்றால், பாலியில் கிடைத்த 896ஆம் ஆண்டுப் பெபெதின் சாசனத்திலேயே "பர்தபுகான்" என்ற சொல் வருகிறது. தபுக் என்றால் முகமூடி. பாவைக்கூத்துக்காரர்களும் அதே வரியில் இருக்கிறார்கள். ராஜேந்திரன் பிறப்பதற்கு முன்பே அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், சோழன்மகன்.

---

சோழன்மகன் | காலை 8:11

சரி சரி. சட்டியாவது நம்மது.

---

நாடகப்பித்து | காலை 10:36

எனக்கு வேறு கேள்வி. உமா சொன்ன அந்த "பேச்சு, பேச்சு" பகுதி. முழு முகமூடி போட்டவர் பேச முடியாது. அப்படியென்றால் கதை யார் வாயால் நடக்கிறது? ஒரே ஆள் ராஜாவாகவும் சேவகனாகவும் எப்படி?

---

பெர்த் பாலா | மதியம் 12:50

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முழு முகமூடிகள் ஊமை. மந்திரி, கிழவர், ராஜா மூவரும் ஆடுவார்கள், பேச மாட்டார்கள். பேசுகிறவர் பெனசார். ராஜாவின் ஊழியர், பாதி முகமூடி, பெரிய மீசை, உருண்டைக் கண். உள்ளே வரும்போதே பழைய ஜாவா மொழியில், அதைக் கவி என்பார்கள், ஒரு செய்யுள் பாடிக்கொண்டு வருவார். கூட்டத்தில் பலருக்குக் கவி புரியாது. அவரே பாடிவிட்டு அவரே பாலி மொழியில் உரை சொல்வார். "அடியேனின் அரசர் இப்படித் திருவாய் மலர்ந்தார்" என்று உயர்ந்த வழக்கில் ஒரு வரி. அடுத்த மூச்சில் தெருப்பேச்சில், "அதாவது மாமா, மகாராஜாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

ராஜா வரும் கட்டம் எப்படி என்றால், பெனசார் திரைக்குப் பின்னால் போவார். உள்ளிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருப்பார், அந்த நேரத்தில் முகமூடி மாறும். திரை நடுங்கும். இரண்டு விரல் மட்டும் திரை விளிம்பில் தெரியும். பிறகு மெதுவாக விலகினால் வெளிறிய முகம், கோடு போன்ற கண், மாறாத புன்னகை. அதே ஆள்தான். ஆனால் உயரமே மாறினது போல இருக்கும். ஐந்து மாதம் தினமும் பார்த்தும் எனக்கு அந்த இரண்டு விரலில் மயிர்க்கூச்செறியும்.

எழுதி வைத்த வசனம் கிடையாது. ஆட்டக்காரர் வந்ததும் காப்பி குடிப்பார், வெற்றிலை போடுவார், வீட்டுக்காரரிடம் ஊர்ப் பேச்சு பேசுவார். என்ன சடங்கு, எந்தக் குலம், அவர்கள் முன்னோர் எந்தப் போரில் இருந்தார்கள், இப்போது ஊரில் என்ன சண்டை. நான் முதலில் அரட்டை என்று நினைத்தேன். உடுப்பு கட்டும்போதுதான் தெரிந்தது, கதையைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று. பபாத் என்ற பழைய வம்ச வரலாறுகளிலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பொருந்துகிற ஒன்றை எடுப்பார். தாத்தாவுக்குத் தாத்தா மந்திரியாக நடந்து வருவதைப் பேரன்கள் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

நடுவில் போண்ட்ரெஸ் வருவார்கள், ஊர்ச்சனங்கள். உதடு பிளந்தவர், காது கேளாதவர், பல் நீண்டவர், தாடை அசையும் முகமூடிகள். 400 வருடத்துக்கு முந்தைய போருக்கு நடுவே ஒருவர் வந்து ஸ்கூட்டர் தவணை கட்ட முடியவில்லை என்று அழுவார். நான் பார்த்த ஒன்றில் போண்ட்ரெஸ் என்னைக் காட்டி, "இவர் ஆஸ்திரேலியாக்காரராம், வெயில்ல கொஞ்சம் அதிகமா படுத்துட்டார்" என்றார். கறுப்பைச் சொல்லிக் கிண்டல். கோபம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நானும் சிரித்தேன்.

---

நாடகப்பித்து | மதியம் 1:15

அப்படியே நம்ம தெருக்கூத்துக் கட்டியக்காரன் வேலை. அரசனுக்குக் கட்டியம் கூறுவார், அடுத்த நொடி கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவரை வம்புக்கு இழுப்பார். சோழன்மகன் குதிக்க வேண்டாம். உறவு என்று சொல்லவில்லை, வேலை ஒன்று என்கிறேன்.

---

தவில்காதன் | மாலை 4:02

வீடியோவை உமா எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார். மூன்று தடவை பார்த்தேன். நான் பார்த்தது ஆட்டக்காரரை இல்லை, கெண்டாங் என்ற மத்தளம் அடிப்பவரை. அவர் கண் ஆட்டக்காரரின் தோளை விட்டு நகரவே இல்லை. சிவப்பு முகம் ஆடும்போது தோள் சட்டென்று ஏறுகிறது, கெண்டாங்கில் ஒரு அடி விழுகிறது, இருபது பேர் ஒரே வெட்டில் நிற்கிறார்கள். எண்ணி வைத்த இடத்தில் நிற்பது போல இல்லை. இது முன்கூட்டியே பேசி வைத்ததா?

---

பெர்த் பாலா | மாலை 6:30

அதற்குப் பெயர் அங்செல். பேசி வைத்தது இல்லை. சுழற்சி அளவு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், எந்தச் சுற்றில் வெட்டுவது என்பது ஆட்டக்காரர் முடிவு. தோள், கை, காலடி எதிலாவது குறிப்பு கொடுப்பார். கெண்டாங்காரர் அதைப் பிடித்து மற்றவர்களுக்குச் சொல்வார். கொஞ்சம் தாமதித்தாலும் தொலைந்தது.

ஒருநாள் பயிற்சியில் எனக்குக் கழுத்தில் கொசு கடித்தது. தோளை உதறினேன். காமலான் முழுவதும் டக்கென்று நின்றுவிட்டது. நான் நடுமுற்றத்தில் ஒற்றைக் காலில். பத்து விநாடி மௌனம், பிறகு அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளிலிருந்து எனக்கு ஊரில் பெயர் "கொசு மந்திரி".

---

மரப்பாச்சி | மாலை 7:11

தச்சு வேலைக்காரன் கேள்வி: என்ன மரம்?

---

பெர்த் பாலா | மாலை 7:19

பூலே. நம்ம ஏழிலைப்பாலை.

---

மரப்பாச்சி | மாலை 7:45

அடடா. லேசான மரம், உளிக்கு வெண்ணெய் மாதிரி. அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்தது இதில்தான், அதனால்தான் தாவரவியல் பெயரிலேயே ஸ்காலரிஸ் ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்தில் பேய் குடியிருக்கும் என்று வீட்டருகே வளர்க்க மாட்டார்கள். அங்கே அதே மரத்தில் சாமி முகம்.

---

பெர்த் பாலா | மாலை 8:02

அங்கேயும் சும்மா கை வைக்க மாட்டார்கள். கோயில் முகமூடிக்கு என்றால் நாள் பார்த்து, படையல் வைத்து, மரத்திடம் கேட்டு, பெரும்பாலும் மரத்தைச் சாய்க்காமல் புடைத்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். எலும்பைச் சுட்டு அரைத்த வெள்ளையை மீன்பசையில் குழைத்து, பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, இப்படிப் பல பத்து பூச்சு. சந்தையில் சுற்றுலாக்காரருக்கு விற்பது அக்ரிலிக், ஒரே நாளில் முடியும். நான் வாங்கி வந்ததும் அக்ரிலிக்தான், பொய் சொல்வானேன்.

---

நெய்வேலி நிலா | இரவு 9:27

டிசம்பரில் நாங்களும் போகிறோம். டிக்கெட் போட்டு மேடையில் இதைப் பார்க்க முடியுமா? கோயிலுக்குள் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

---

பெர்த் பாலா | இரவு 10:15

சிவப்பு மந்திரி, கிழவர், போண்ட்ரெஸ் எல்லாம் மேடையில் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். சிதகார்யா அப்படி இல்லை. சுற்றுலாவுக்காக எதையும் ஆடலாமா என்ற சண்டை அங்கே முன்பே வந்து, 1971இல் தென்பசாரில் பெரியவர்களும் கலைஞர்களும் கூடி ஆட்டங்களை மூன்றாகப் பிரித்தார்கள். வாலி என்பது சடங்கே ஆன ஆட்டம், பெபாலி சடங்கோடு சேர்ந்தது, பாலி-பாலிஹான் வேடிக்கைக்கு. யுனெஸ்கோ 2015இல் பாலி ஆட்டங்களைப் பட்டியலில் சேர்த்தபோதும் இதே மூன்று பிரிவுதான், தோபெங் சிதகார்யா நடுப்பிரிவில் இருக்கிறது. கோடு காகிதத்தில் இருப்பது போல நேராக இல்லை என்பது வேறு. கோயிலில் ஆடி முடித்த அதே ஆள் ராத்திரி ஓட்டலில் கிழவர் ஆடுவார். பெட்ரோலுக்குக் காசு வேண்டுமே. நான் அதில் குற்றம் காண மாட்டேன்.

கூச்சம் வேண்டாம். துண்டு கட்டுங்கள், பூசாரியை விட உயரமான இடத்தில் நிற்காதீர்கள், முன்னால் போய்ப் படம் எடுக்காதீர்கள். மாதவிலக்கு நாளில் உள்ளே வரவேண்டாம் என்று வாசலிலேயே பலகை இருக்கும். அதைப் பற்றிச் சண்டை போட விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கவும்.

---

ஊர்சுற்றி உமா | இரவு 11:40

எல்லாருக்கும் நன்றி. பாலா தம்பி, உங்களுக்கு ஒரு சாப்பாடு பாக்கி.

இத்தனையும் படித்துவிட்டு வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். முன்பு குழந்தை கத்துகிற இடத்தோடு நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகும் நாலு நிமிடம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் நிறுத்த மறந்து போனைக் கையில் தொங்கவிட்டிருக்கிறார், பாதி நேரம் தரையும் செருப்பும்தான். ஒரு இடத்தில் படம் தற்செயலாகத் திரைப்பக்கம் திரும்புகிறது. ஆட்டக்காரர் முகமூடியைக் கழற்றிவிட்டார். எழுபது வயதாவது இருக்கும், நெற்றி முழுக்க வியர்வை, காதில் சொருகிய சிகரெட். ஒவ்வொரு முகமாகத் துணியில் சுற்றிக் கூடையில் வைக்கிறார். வெள்ளை முகம் மட்டும் இன்னும் மடியில் இருக்கிறது.

பக்கத்தில் நீலச் சட்டை. கத்தின அதே பொடியன். ஒரு கையில் காசை இறுக்கிப் பிடித்தபடி, மறு கை விரலை நீட்டி அந்தப் பல்லைத் தொடப் பார்க்கிறான். கிழவர் ஏதோ சொல்கிறார், அவனும் ஏதோ கேட்கிறான். காமலான் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அதற்குள் படம் மறுபடி செருப்புக்குப் போய்விடுகிறது.

அந்த ஒரு நிமிடத்தை வெட்டி வீட்டம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். பையன் என்ன கேட்டான் என்று அவர்கள் யாருக்காவது தெரிந்தால் இங்கே போடுகிறேன்.